முதல் கீரை யாருக்கு

பள்ளிக்கூடத்துக்கு எந்தப் புதுத் திட்டம் வந்தாலும் அது அறிவியல் டீச்சர் தலையில்தான் வந்து விழும். கை கழுவும் நாள், ஓசோன் நாள், கொசு ஒழிப்பு வாரம் எல்லாம் அப்படி என்னிடம் வந்து சேர்ந்தவைதான். அந்த வருஷம் வந்தது சமூகத் தோட்டம். மாணவர்களை வைத்து, ஊர் ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு, பொது இடத்தில் காய்கறித் தோட்டம் போட வேண்டும். விளைவதை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தலைமையாசிரியர் தாளை என்னிடம் நீட்டி, "நாலு போட்டோ எடுத்து அனுப்பிட்டா போதும் டீச்சர். ரொம்ப மெனக்கெடாதீங்க" என்றார்.

தோட்டம் எனக்குப் புதிதில்லை. என் அப்பா இடையஞ்சாவடிப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கம்பும் போட்டவர். களை எடுத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கே போவேன். அதனால் அந்த நாலு போட்டோ யோசனை எனக்குக் கசந்தது. செய்தால் உருப்படியாகச் செய்வது, இல்லாவிட்டால் முடியாது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவது என் சுபாவம். இந்தச் சுபாவத்தால் எனக்கோ பிறத்தியாருக்கோ நன்மை விளைந்ததாக நினைவில்லை.

எங்கள் பள்ளி மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, அங்கே இன்னும் வேலை பார்க்கிறேன். பள்ளியின் பின்சுவருக்கும் உப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு துண்டுப் புறம்போக்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழுக்க அளம். உப்பளத்தை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை, அளம் என்றுதான் பேச்சு. கோடையில் அந்தத் துண்டு நிலம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை அடித்துப் பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். அதன்பிறகு தை வரைக்கும் மேல்மண் நல்ல மண்.

அந்த மாதங்களில்தான் அளத்தில் வேலை கிடையாது. மழையில் உப்பு எங்கிருந்து விளையும்? கூலி இல்லாமல் வீட்டுக்கு வீடு அடுப்பு ஒரு வேளைதான் எரியும். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்பே தட்டைத் தேய்த்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆக, வேலையில்லாத மாதத்தில் விளையும் நிலம், அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் இரண்டு நாள் கீரை போகும் என்று கணக்குப் போட்டேன். இதை இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

முதல் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் எடுத்தேன். கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். நிலம் எல்லோருக்கும் பொது. எல்லோரும் வேலை செய்வோம். விளைந்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். ஏதாவது கேள்வி உண்டா?

"ஓனரு யாரு டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"ஓனரே கிடையாது."

"அப்ப கூலி யாரு குடுப்பாங்க?"

"கூலியும் கிடையாது. விளையறதே உங்களுக்குத்தான்."

அவள் யோசித்தாள். "அப்ப வேலைக்கு லேட்டா வந்தா யாரு திட்டுவாங்க?"

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வேறு எங்காவது இந்தக் கேள்வி வந்திருந்தால் பெஞ்சு அதிரும். இங்கே எல்லா முகமும் என் பதிலுக்காகக் காத்திருந்தது. ஓனர் இல்லாத ஒரு வேலையை அந்தப் பிள்ளைகளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா அப்பா, சித்தப்பா சித்தி, எல்லோருக்கும் தெரிந்த ஒரே வேலை அளத்து வேலை. அதில் முதலில் ஓனர், அப்புறம்தான் மண்ணும் தண்ணியும் வெயிலும்.

கேள்வி கேட்டவளைத்தான் தோட்டத்துக்குத் தலைவியாகப் போட்டேன். ஆள் குள்ளம், குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். பையன்களைக்கூட வேலை வாங்கிவிடுவாள். அவளுடைய அம்மா அளத்தில் உப்புக்கூடை சுமப்பவர். அப்பா கேரளாப் பக்கம் கட்டட வேலைக்குப் போய், வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அம்மாவின் கூலியில்தான் அவளும் அவள் தம்பியும் படித்தார்கள்.

வேலை தொடங்கிய முதல் நாளே பிள்ளைகள் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். மண்ணைக் கொத்தி வரப்புக் கட்டச் சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போய்த் திரும்பினால், கொத்திய மண்ணையெல்லாம் வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, தாளம் தப்பாமல் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். தரை சிமெண்டு போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. கண்ணாடி மாதிரி மட்டம்.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

"மிதிக்கலேன்னா தண்ணி கீழ எறங்கிடும் டீச்சர்" என்றான் ஒருவன், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

அளத்தில் அப்படித்தான். தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்று காய வேண்டும். அப்பா அம்மா செய்ததைப் பார்த்து வளர்ந்த கால்கள் அதைச் செய்தன. நானும் திட்டிவிட்டுச் சிரித்துவிட்டேன். மறுபடி கொத்தினோம். ஆட்டு எருவும் காய்ந்த சவுக்கு இலையும் கலந்து மேடாகப் பாத்தி எடுத்தோம். முளைக்கீரை, சிறுகீரை, வெண்டை, கொத்தவரை விதைத்தோம். அந்த வருஷம் மழையும் ஏமாற்றவில்லை. கார்த்திகை பிறந்தபோது சுவருக்குப் பின்னால் பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் கழிப்பறைக்குப் போகாமல் கீரையைப் பார்க்கப் போனார்கள். நானும்தான்.

கீரை பறிக்கிற நாள் காலையில், பனி விலகாத நேரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து பறித்திருந்தார்கள். வாழையிலை விரித்து, அதன்மேல் நல்ல தளதளவென்ற கீரையாகப் பொறுக்கி ஒரு பெரிய குவியல். குவியல்மேல் ஒரு சாமந்திப்பூ. எதிரே அகலில் கற்பூரம் எரிந்து முடிந்த கரி. மிச்சக் கீரை ஒரு பக்கம் சாக்கில் கிடந்தது, சின்ன இலையும் பூச்சி அரித்ததுமாக.

"இது யாருக்கு?" என்றேன். சாமிக்குப் படைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஓனருக்கு டீச்சர்" என்றாள் தலைவி.

எந்த ஓனர் என்று கேட்கத் தேவையில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அளம் ஒருவருடையது. ஒன்பதாம் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் வீட்டார் அவரிடம்தான் வேலை. அந்த அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் உப்பை வாரியதும் நல்ல உப்பாகப் பார்த்துக் குவித்து, பூ வைத்து, கற்பூரம் காட்டி ஓனர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அது போன பிறகுதான் வேலைக்காரர்கள் வீட்டுக் குழம்புக்கு ஒரு பிடி எடுக்கலாம். பிள்ளைகள் அதைத்தான் கீரைக்குச் செய்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஆளும் கேட்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு தோட்டம் இருப்பதே தெரியுமோ தெரியாதோ.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவரு ஒரு நாளாவது வந்து இங்க ஒரு கொடம் தண்ணி ஊத்தினாரா?"

"இல்ல டீச்சர்."

"நிலம் அவரோடதா?"

"இல்ல. பொறம்போக்கு."

"அப்ப எதுக்கு அவருக்கு?"

"குடுக்கலேன்னா தப்பாயிடும்" என்று ஒரு பையன் முணுமுணுத்தான். தலைவி மட்டும் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குள் ஒரு கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "அப்ப இது நமக்குத்தான் டீச்சர்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. என் இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் ஒரு பாடம் ஒரு பிள்ளையின் தலைக்குள் போய் உட்கார்ந்ததை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூவை எடுத்துப் போட்டுவிட்டு, நல்லதையும் பொடியையும் ஒன்றாகக் கலந்து, வாழை நாரில் சமமாகக் கட்டுக் கட்டினேன். ஆளுக்கு ஒரு கட்டு. நான் செய்தது சரி. இன்றைக்கும் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். சரியாக இருந்து என்ன பிரயோஜனம் என்பது வேறு கேள்வி.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ஓனர் வீட்டு கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் கீரைக்கட்டு. நான் கட்டிய அதே கட்டு, நார்கூட அவிழ்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"இது உங்க பிள்ளைங்க போட்டது. எடுத்துட்டுப் போயி சமைங்க" என்றேன்.

ஒருத்தி வேறு பக்கம் பார்த்தாள். கொஞ்சம் வயதான ஒருத்தி பொறுமையாக, "நீங்க வண்டி ஏறிப் போயிடுவீங்க டீச்சர். தை பொறந்தா நாங்க இவரு அளத்துலதான் எறங்கணும்" என்றாள்.

"கீரை குடுக்கலேன்னு வேலை இல்லேன்னு சொல்லிடுவாரா?"

"சொல்ல மாட்டாரு. கூப்புட மாட்டாரு."

அதற்குள் அவரே வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். எங்கள் பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். நேரில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். "எதுக்கும்மா இதெல்லாம்? புள்ளைங்க ஆசையா போட்டது" என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பி ஒரு கூடை கொண்டுவரச் சொன்னார். கூடை வந்தது. ஒவ்வொருத்தியாகப் போய்க் கட்டை அதில் வைத்தாள். அவர் யார் யார் என்று பார்த்து, பெயர் சொல்லிக் குசலம் விசாரித்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து, "கீரை ஏ ஒன் டீச்சர். அடுத்த வாட்டி கொஞ்சம் மொளகாயும் போடுங்க" என்றார்.

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தலைவி என்னிடம் ஓடிவந்தாள். "நாங்க மட்டும் குடுக்கல டீச்சர். அம்மா குடுக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நம்ம கீரைதானேன்னு சொன்னேன். கடைஞ்சி சாப்ட்டோம். தம்பி ரெண்டு வாட்டி சோறு போட்டுக்கினான்."

வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். பாடத்தைப் புரிந்துகொண்டவள் இவள் ஒருத்திதான் என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஊரில் எந்தப் பேச்சுதான் ஒரு இடத்தில் நிற்கும்? அவரிடம் வேலை பார்க்கிற மற்ற எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டதால், கொடுக்காத வீடு எது என்று ஓனருக்குக் கணக்குப் பார்க்கிற சிரமமும் இல்லாமல் போயிற்று.

மார்கழியில் ஓனர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். கூடவே அவருடைய மேஸ்திரியும், ஒரு டாட்டா ஏஸ் வண்டி நிறையக் கல்தூணும் முள்கம்பியும். "மாடு பூந்து மேயுது. புள்ளைங்க கஷ்டம் வீணாப்போவக் கூடாது இல்ல" என்றார். தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். ஒரே நாளில் வேலி முளைத்தது. வாய்க்கால் பக்கமாக ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு, சாவி மேஸ்திரி இடுப்பில். ஓனரை நடுவில் நிறுத்தி, பிள்ளைகள் கையில் வெண்டைக்காயைக் கொடுத்து, தலைமையாசிரியர் தன் நாலு போட்டோவையும் எடுத்து அனுப்பிவிட்டார்.

"சாவி ஸ்கூல்ல இருக்கணும் சார்" என்றேன்.

"உங்களுக்கு எதுலதான் டீச்சர் திருப்தி?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் மேஸ்திரி வரும்வரை பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே குடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. நின்றார்கள். அவர்களுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் தோட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்பதுபோல் நிம்மதியாக இருந்தார்கள். ஓனர் வந்தாயிற்று, திட்டுவதற்கும் ஆள் வந்தாயிற்று. நான்தான் வேலிக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்தது. அளத்தில் வேலை கேட்டு யாரும் போவதில்லை. மேஸ்திரி தெருவில் வருவான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாளையிலேருந்து எறங்கிடு" என்பான். அதுதான் அழைப்பு. அந்த வருஷமும் வந்தான். தலைவியின் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனான். மறுநாளும் வந்தான், மறுநாளும் தாண்டினான். அவள் அம்மா வேறு இரண்டு அளத்தில் போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறார். அங்கங்கே அவரவர் ஆட்கள் வருஷக்கணக்காக இருக்கிறார்கள். ஆள் நிறைஞ்சிடுச்சு என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் பள்ளிக்கு வருவது நின்றது. இரண்டாவது வாரம் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் இருந்தார். அனுமந்தையில் மீன் காயவைக்கிற இடத்தில் தாயும் மகளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவும் மீன் வரத்து இருக்கிற நாளில்தான். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நான் உங்கள ஒன்னும் சொல்லல டீச்சர். அது நீங்க சொன்னா அதுதான்னு நிக்குது. என் கையில இருந்து கட்ட புடுங்கி வச்சிக்கிச்சி. நானும் புள்ள ஆசையா கேக்குதேன்னு உட்டுட்டேன்." வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஒரு கட்டு கீர டீச்சர்" என்றார்.

அந்தக் கோபத்தோடு நேராக ஓனர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார்கள். "நானா? ஆள் எடுக்கறதெல்லாம் மேஸ்திரிதான் டீச்சர். நான் அதுல தலையிடறதே இல்ல" என்றார் சிரித்த முகமாக. வெளியே வந்து மேஸ்திரியைப் பிடித்தேன். "ஓனர் சொல்லாம நான் எப்படிங்க டீச்சர் கூப்புட முடியும்?" என்றான். இரண்டு பேரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பேரையும் செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மாசியில் ஒரு காலை வகுப்பில் இருந்தபோது பின்னால் கடப்பாரைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கொத்தவரைப் பாத்தியில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஷெட். வாய்க்காலிலிருந்து அளத்துக்குத் தண்ணீர் இறைக்க அதைவிட வாகான இடம் கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எத்தனை வருஷமாக அதன்மேல் கண்ணோ! புறம்போக்கில் தானாகப் போய் வேலி போட்டால் யாராவது கேட்பார்கள். பிள்ளைகள் தோட்டத்துக்குப் போட்டால் ஊரே கும்பிடும். வழி போட்டுக் கொடுத்தது என் சமூகத் தோட்டம்.

புறம்போக்கில் ஷெட் கட்டுகிறார்கள் என்று தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். நான் மட்டும் போட்டு அனுப்பினேன். ஒருவழியாக விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியருக்கு அன்றைக்கென்று பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது, லீவு. பிள்ளைகளைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொது நிலம் என்று தெரிந்துதானே தோட்டம் போட்டார்கள்? மற்றவர்கள் பயப்படலாம், தலைவி பேசுவாள் என்று நம்பினேன். முந்தின நாள் அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

வந்தாள். தலை வாரி, யூனிபார்ம் போட்டு, அம்மாவோடு வந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவள் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. ஓனர் ஏற்கெனவே பள்ளி வராந்தாவில் இருந்தார், அதிகாரிக்கு இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டு.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். ஓனர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்த பிறகு, "எங்கப்பா காலத்துலேருந்து எங்க அனுபவத்துல இருக்கற எடம் சார். ஊருக்கே தெரியும். நான் சொன்னா நம்ப வேணாம், புள்ளைங்களக் கேளுங்க. மொத கீரைய யாருக்குக் குவிச்சி வச்சாங்கன்னு கேளுங்க" என்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. குனிந்து, தன்மையாகத்தான் கேட்டார். "நீதான் லீடராம்மா? மொத கீரைய யாருக்கு எடுத்து வச்சீங்க?"

"ஓனருக்கு சார்."

"யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நாங்களாதான் வச்சோம்."

அவ்வளவும் உண்மை. நான் பாய்ந்து, "அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லு. நிலம் யாரோடதுன்னு நாம பேசினோம், சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அம்மா, தூணோரமாக நின்றவர், சேலைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் நின்றான்.

"நெலம் யாரோடதும்மா?" என்றார் அதிகாரி.

மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல் அது. அதை இறக்கிப் பேச அவளுக்கு வராது. "ஓனரோடது சார்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

நான் அன்றைக்கு மத்தியானம் வகுப்பு எடுக்கவில்லை. ஆய்வகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். அதிகாரிமேல், முதுகு பிடித்துக்கொண்டவர்மேல், வாசலில் நின்று கீரையைத் திருப்பிக் கொடுத்த பெண்கள்மேல். அந்தப் பெண்மேலும்தான். பதினான்கு வயதுப் பிள்ளைமேல் கோபப்பட்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். நாளைக்கு வந்தால் கேட்கிறேன், இதற்கா கைதட்டினோம் என்று கேட்கிறேன், என்று வார்த்தையெல்லாம் கோத்து வைத்துக்கொண்டேன்.

அவள் மறுநாளே பள்ளிக்கு வந்தாள். பிரேயருக்கு முன்பு என்னைத் தேடிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"அம்மாவக் கூப்ட்டுட்டாங்க டீச்சர்!"

"எப்ப?"

"நேத்து சாயங்காலமே. மேஸ்திரி வந்து வாசல்ல நின்னு கூப்ட்டாரு. இன்னிக்கி எறங்கிட்டாங்க. நான் இனிமே லீவு போட மாட்டேன் டீச்சர்."

கோத்து வைத்திருந்ததைக் கேட்கவில்லை. "சந்தோஷம்மா" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவமா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன?"

"அம்மா ஒன்னு கேக்கச் சொன்னாங்க டீச்சர். நீங்க அந்த ரோடு வழியாதானே வருவீங்க. அம்மா அளத்துல இருக்கும்போது பாத்தா வண்டிய நிறுத்திப் பேசாதீங்களாம். சிரிக்கக்கூட வேணாமாம். மேஸ்திரி பாத்துக்கினே இருக்காராம்."

சரி என்றேன். அவள் பிரேயர் வரிசைக்கு ஓடினாள்.

தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். வேறு வழி இல்லை. வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே பெண்கள் கூடையோடு வரிசையில் போவார்கள். அதில் அவள் அம்மா எங்கே நடக்கிறார் என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். பார்ப்பதில்லை. கேட்டதைச் செய்கிறேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன்.